அமெரிக்காவில் காரை விற்கும்போது எக்ஸ்டெண்டட் வாரண்டியை ரத்து செய்து மீதிப் பணத்தை வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் காரை விற்கிறவர்கள் டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தைத் தேடி எடுக்கிறார்கள், லோன் பாக்கியைப் பார்க்கிறார்கள், இன்ஷூரன்ஸை நிறுத்துகிறார்கள். கார் வாங்கிய அன்று டீலர் ஆபீசில் கடைசியாகக் கையெழுத்துப் போட்ட எக்ஸ்டெண்டட் வாரண்டி மட்டும் பலருக்கு ஞாபகத்துக்கே வருவதில்லை. இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் கொடுத்து வாங்கியது அது. ஐந்து வருடத்துக்கு வாங்கிவிட்டு இரண்டாம் வருடம் காரை விற்றால், பயன்படுத்தாத காலத்துக்கான பணம் உங்களுக்குத் திரும்பி வர வேண்டும். ஆனால் கேட்டால்தான் வரும். உங்கள் காரை வாங்குகிற டீலர் இதைப் பற்றி வாய் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. உங்களுக்கு விற்ற டீலருக்குக் கார் கைமாறியதே தெரியாது. வாரண்டி கம்பெனியும் நீங்கள் சொல்லும்வரை ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகவே வைத்திருக்கும்.

வேலை மாறி வேறு மாநிலம் போகிறவர்கள், விசா முடிந்தோ குடும்பக் காரணத்துக்காகவோ இந்தியா திரும்புகிறவர்கள், பத்து நாளில் வீட்டையும் காரையும் காலி செய்ய வேண்டிய நிலையில் இந்தப் பணத்தை விட்டுவிடுகிறார்கள். ஆயிரம் டாலர் என்பது ஊருக்குத் திரும்பும் ஒரு டிக்கெட்டின் விலை. அதனால் ஒவ்வொரு படியாகப் பார்த்துவிடலாம்.

உங்களிடம் இருப்பது எந்த வாரண்டி?

கார் கம்பெனி கொடுக்கும் வாரண்டி (பெரும்பாலும் 3 வருடம் அல்லது 36,000 மைல், இன்ஜினுக்குக் கொஞ்சம் கூடுதல்) காரின் விலையிலேயே சேர்ந்தது. அது காரோடு போகும். அதற்கு ரீஃபண்ட் கிடையாது. தனியாகக் காசு கொடுத்து வாங்கியதற்குத்தான் ரீஃபண்ட். டீலர் வாய்மொழியாக ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ என்று சொல்லியிருப்பார், ஆனால் காகிதத்தில் ‘வெஹிக்கிள் சர்வீஸ் கான்ட்ராக்ட்’ என்றோ ‘சர்வீஸ் அக்ரிமென்ட்’ என்றோ தலைப்பு இருக்கும். ஃபைலில் தேடும்போது அந்தத் தலைப்பைத் தேடுங்கள். தனி விலை வைத்து விற்பதைச் சட்டம் சர்வீஸ் கான்ட்ராக்டாகத்தான் பார்க்கிறது. 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது.

ஒப்பந்தம் கிடைக்கவில்லையா? கார் வாங்கியபோது போட்ட லோன் ஒப்பந்தத்தில் பணம் எங்கெங்கே போனது என்று வரிசையாக ஒரு பட்டியல் இருக்கும். சர்வீஸ் கான்ட்ராக்டுக்கு எவ்வளவு, யாருக்கு என்று அதில் ஒரு வரி இருந்தால் வாங்கியிருக்கிறீர்கள் என்று பொருள். அங்கே உள்ள பெயரை வைத்து அந்தக் கம்பெனியிடம் நகல் கேட்கலாம். காருக்கே உரிய அடையாள எண்ணான வின் நம்பர் சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

இதைத் தேடும்போதே ஒரு எச்சரிக்கை. ‘உங்கள் கார் வாரண்டி முடியப்போகிறது’ என்று வரும் ரோபோ கால்கள் மோசடி. 2022 ஜூலையில் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. இந்த அழைப்புகளைத் தடுக்கும்படி தொலைபேசி கம்பெனிகளுக்கு உத்தரவே போட்டது. உங்களுக்கு வந்த எந்த அழைப்பிலும் வின் நம்பரையோ கார்டு எண்ணையோ கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் அச்சிட்ட முகவரிக்கும் எண்ணுக்கும் மட்டுமே போங்கள்.

யார் யார் இதில் இருக்கிறார்கள்

உங்களுக்கு விற்றது டீலர். ஆனால் ரிப்பேர் கோரிக்கைகளையும் ரத்துகளையும் பார்ப்பது பெரும்பாலும் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற தனிக் கம்பெனி. பணம் கொடுக்கும் பொறுப்பை ஏற்றிருப்பவர் ‘ஆப்ளிகர்’ என்று ஒப்பந்தத்தில் இருப்பார். அவருக்குப் பின்னால் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி இருக்கலாம். லோன் இருந்தால் வங்கியும் சேர்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் கொடுத்த பணம் முழுவதும் அட்மினிஸ்ட்ரேட்டருக்குப் போகவில்லை. ஒரு பெரிய பங்கு டீலரின் லாபம். ரத்து செய்யும்போது டீலரும் தன் பங்கைத் திருப்பித் தர வேண்டியிருக்கும், அதை விற்ற ஃபைனான்ஸ் மேனேஜரின் கமிஷனிலும் பிடிப்பார்கள். ஃபோனைத் திருப்பி அடிக்காததும், ‘அவர் இன்று லீவு’ என்பதும் இதனால்தான். மனிதர்கள் மேல் கோபப்படாமல், காகிதத்தில் கேட்டு, டீலருக்கும் அட்மினிஸ்ட்ரேட்டருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதுதான் இதற்கு மருந்து. டீலர்ஷிப் மூடிவிட்டாலோ கைமாறிவிட்டாலோகூட அட்மினிஸ்ட்ரேட்டரிடம் கேட்கும் வழி இருக்கிறது.

படி 1: ரத்தா, மாற்றிக் கொடுப்பதா?

காரை டீலரிடமோ, கார்மேக்ஸ், கார்வானா போன்ற பழைய கார் வாங்கி விற்கும் கம்பெனிகளிலோ விற்கிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், ரத்துதான். பெரும்பாலான ஒப்பந்தங்களை டீலர் பெயருக்கு மாற்ற முடியாது.

தனி நபருக்கு விற்றால் மட்டுமே ஒப்பந்தத்தை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பது ஒரு வழி. வழக்கமாக ஒரு முறைதான் மாற்றலாம், விற்ற சில வாரங்களுக்குள் செய்ய வேண்டும், ஒரு சிறு கட்டணமும் ஆயில் மாற்றிய ரசீதுகளும் கேட்பார்கள். ரீஃபண்ட் 1,100 டாலர் வரும் என்றால், வாரண்டி இருப்பதற்காக வாங்குகிறவர் 1,100 டாலர் கூடக் கொடுப்பாரா? பெரும்பாலும் மாட்டார். அதனால் என் கருத்து ரத்து செய்வதுதான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஏற்கெனவே பெரிய ரிப்பேர் செய்து அந்தப் பணம் ரீஃபண்டில் கழியும் நிலை இருந்தால் கையில் வருவது மிகக் குறைவாகலாம். அப்போது மாற்றிக் கொடுப்பது லாபம். அப்படி முடிவு செய்தால் படிவத்தை வாங்குகிறவரோடு உட்கார்ந்து அன்றே நிரப்பி நீங்களே அனுப்புங்கள். ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்று விட்டால் நாள் கடந்துவிடும்.

படி 2: எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

இந்த வேலையை அவர்களிடம் விடாதீர்கள். தொகை தெரியாமல் போனால் எது வந்தாலும் சரி என்றுதான் தோன்றும்.

ஒப்பந்தத்தில் ‘கேன்சலேஷன்’ என்ற பகுதி இருக்கும். அதற்குப் பின்னால் மாநிலவாரியாகப் பொடி எழுத்தில் பத்திகள் இருக்கும். உங்கள் மாநிலத்தின் பத்திதான் முக்கியம், முன்பக்கத்தில் உள்ளதை அது மாற்றிவிடும்.

பொதுவான முறை இது. வாங்கிய முதல் 30 அல்லது 60 நாளுக்குள், எந்த ரிப்பேரும் கோராமல் ரத்து செய்தால் முழுப் பணமும் கிடைக்கும். அதற்குப் பிறகு, ஓடிய காலம் எத்தனை சதவீதம், ஓடிய மைல் எத்தனை சதவீதம் என்று பார்த்து, இரண்டில் எது அதிகமோ அதைக் கழிப்பார்கள். அப்புறம் ஒரு ரத்துக் கட்டணம், பெரும்பாலும் 25 முதல் 75 டாலருக்குள். சில மாநிலங்களில் ஏற்கெனவே செய்த ரிப்பேர் தொகையையும் கழிக்கலாம்.

ஒரு உதாரணம். விலை 2,400 டாலர். 60 மாதம் அல்லது 75,000 மைல். புதுக் காராக வாங்கி 24-ஆம் மாதம் 39,000 மைலில் விற்கிறீர்கள். காலப்படி 40 சதவீதம் போய்விட்டது. மைல்படி 52 சதவீதம். அதிகமானது 52, ஆக மீதி 48 சதவீதம், 1,152 டாலர். 50 டாலர் கட்டணம் போக 1,102. நடுவில் 600 டாலருக்கு ஏசி கம்ப்ரஸர் மாற்றியிருந்து, உங்கள் ஒப்பந்தம் அதைக் கழிக்க அனுமதித்தால், 502 டாலர்தான்.

பழைய கார் வாங்கியவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 30,000 மைலில் வாங்கிய காருக்கு, ஓடோமீட்டர் 1,00,000 காட்டும்வரை காப்பு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் விலை கொடுத்தது 70,000 மைலுக்கு. 58,000-இல் விற்றால் பயன்படுத்தியது 28,000 மைல், அதாவது 40 சதவீதம். ஆனால் யாராவது 58,000-ஐ 1,00,000-ஆல் வகுத்துவிட்டால் 58 சதவீதம் என்று வரும். அதே 2,400 டாலர் விலையில் இந்த வித்தியாசம் 432 டாலர். கார் கம்பெனியின் சொந்தத் திட்டங்கள் சில, கார் முதன்முதலில் விற்ற நாளிலிருந்தும் பூஜ்ய மைலிலிருந்தும் கணக்கிடும். அது ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் சரி. எழுதியிருக்கவில்லை என்றால் கேள்வி கேளுங்கள். அடிப்படைத் தொகை நீங்கள் கொடுத்த முழு விலையா என்பதையும் பாருங்கள். டீலரின் கொள்முதல் விலையை வைத்துக் கணக்கிட்டிருந்தால் அதுவும் கேட்க வேண்டிய கேள்வி.

உதாரணத்துக்கு மூன்று மாநிலங்களின் விதிகள் சுருக்கமாக. டெக்சாஸில் முதல் 30 நாளுக்குள் என்றால் ரிப்பேர் தொகை மட்டும் கழித்து முழுப் பணம், ரத்துக் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு கட்டணம் 50 டாலரைத் தாண்டக் கூடாது. 45 நாள் கடந்தும் பணம் வரவில்லை என்றால் மாதத்துக்கு 10 சதவீதம்வரை அபராதமாகச் சேர்த்துத் தர வேண்டிவரும். கலிஃபோர்னியாவில் புதுக் காருக்கு 60 நாள்வரை முழுப் பணம், பிறகு கட்டணம் 25 டாலர் அல்லது விலையில் 10 சதவீதம், எது குறைவோ அது. ஃபுளோரிடாவில் 60 நாளுக்குப் பிறகு மீதிக் காலத்துக்கான தொகையில் குறைந்தது 90 சதவீதம், ரிப்பேர் தொகை போக.

படி 3: சரியான நாள்

காரை விற்கும் நாள்தான் ரத்து செய்யும் நாள். முன்னதாகவே ரத்து செய்துவிட்டு, வாங்குகிறவர் கடைசி நேரத்தில் பின்வாங்கினால், காப்பு இல்லாத காரோடு நிற்பீர்கள். தள்ளிப் போட்டாலும் நஷ்டம்தான். பல ஒப்பந்தங்கள் கடிதம் கிடைத்த நாளை வைத்தே கணக்கிடும். மேலே சொன்ன 2,400 டாலர் ஒப்பந்தத்தில், காலத்தை வைத்துக் கணக்கிட்டால், ஒரு மாதத்தின் விலை 40 டாலர்.

விற்கும் அன்று சாவியைக் கொடுப்பதற்கு முன் ஓடோமீட்டரைப் படம் எடுங்கள். டேஷ்போர்டு முழுவதும் தெரியும்படி ஒன்று, விண்ட்ஷீல்டின் கீழ் மூலையில் உள்ள வின் நம்பர் தட்டை ஒன்று. டைட்டிலிலோ தனிப் படிவத்திலோ மைல் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள், அந்த ஓடோமீட்டர் அறிவிப்பின் நகல் கட்டாயம் வேண்டும். 2011 மாடலும் அதற்குப் பிந்தையவையும் 20 வருடம்வரை இந்த அறிவிப்போடுதான் விற்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி, அதனால் ‘எங்களிடம் அப்படி ஒன்று இல்லை’ என்று டீலர் சொல்ல முடியாது. விற்பனைப் பத்திரமான பில் ஆஃப் சேலின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய காரைக் கொடுத்துப் புதுக் கார் எடுக்கிறீர்களா? அங்கே நீட்டும் காகிதக் கட்டில், பழைய வாரண்டியின் ரீஃபண்டை டீலருக்கே எழுதிக் கொடுக்கும் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தத் தொகை உங்கள் கார் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்ட பிறகே கையெழுத்து.

படி 4: எழுத்தில் கேளுங்கள்

ஃபோனில் கேட்டு முடிந்துவிட்டது என்று நம்பாதீர்கள். 2023 நவம்பரில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சி.எஃப்.பி.பி., டொயோட்டா மோட்டார் கிரெடிட் மீது பிறப்பித்த உத்தரவில் இதை விரிவாக எழுதியது. இப்படிப்பட்ட கூடுதல் காப்புகளை ரத்து செய்யக் கூப்பிட்டவர்களைத் தனி எண்ணுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே இருந்தவர்கள், வாடிக்கையாளர் மூன்று முறை ‘ரத்து செய்யுங்கள்’ என்று சொல்லும்வரை திட்டத்தின் பெருமையைப் பேசும்படி பணிக்கப்பட்டிருந்தார்கள். மூன்றாம் முறைக்குப் பிறகு, எழுத்தில் அனுப்பினால்தான் ரத்து செய்ய முடியும் என்று சொன்னார்கள். அந்த நேரத்தை மிச்சப்படுத்தி, முதலிலேயே எழுதிவிடலாம்.

அட்மினிஸ்ட்ரேட்டரின் இணையதளத்தில் ரத்துப் படிவம் இருக்கும், இல்லையென்றால் வாரண்டியை விற்ற டீலரின் ஃபைனான்ஸ் ஆபீசில் கேளுங்கள். படிவம் கிடைக்கத் தாமதமானால் காத்திருக்காமல் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

- உங்கள் பெயர், ஒப்பந்தத்தில் உள்ள அதே எழுத்துகளில்
- ஒப்பந்த எண், வின் நம்பர், வாங்கிய தேதி
- விற்ற தேதி, அன்றைய ஓடோமீட்டர் மைல்
- ‘காரை விற்றுவிட்டதால் இந்த ஒப்பந்தத்தை இந்தத் தேதியிலிருந்து ரத்து செய்யக் கோருகிறேன்’ என்ற ஒரு வரி
- ரீஃபண்ட் கணக்கை எழுத்தில் தரும்படி ஒரு வரி
- செக் வர வேண்டிய முகவரி, கையெழுத்து, தேதி

பில் ஆஃப் சேல், ஓடோமீட்டர் அறிவிப்பு, லோன் முடிந்ததற்கான கடிதம் ஆகியவற்றின் நகலை இணையுங்கள். அசலை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அட்மினிஸ்ட்ரேட்டருக்கு அமெரிக்கத் தபால் துறையின் (யு.எஸ்.பி.எஸ்.) சர்டிஃபைட் மெயிலில், கிடைத்ததற்கான ரிட்டர்ன் ரிசீட்டோடு அனுப்புங்கள். சில டாலர் செலவு, ஆனால் எந்த நாள் கையில் கிடைத்தது என்பதற்கு அதுதான் ஆதாரம். டீலருக்கும் வங்கிக்கும் ஈமெயிலில் ஒரு நகல்.

பெயர் விஷயத்தில் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து, அமெரிக்க விசாவில் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று முன்னால் ஏறியவர்கள் நிறைய. லைசென்ஸில் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் அப்பா பெயரோடு வேறு மாதிரி இருக்கும். செக் ஒப்பந்தத்தில் உள்ள பெயருக்கு வரும். அது வங்கிக் கணக்குப் பெயரோடு ஒத்துப்போகாது என்று தெரிந்தால், கடிதத்திலேயே இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று எழுதி, லைசென்ஸ் நகல் இணைத்து, கணக்கில் உள்ள பெயருக்குச் செக் கேளுங்கள்.

படி 5: லோன் இருந்தால் பணம் எங்கே போகும்

வாரண்டி விலையை லோனில் சேர்த்திருந்தால், லோன் பாக்கி இருக்கும்வரை ரீஃபண்ட் வங்கிக்குத்தான் போகும். அது அசலில் கழியும், மாதத் தவணை குறையாது. கார் விற்பனையில் லோன் முழுவதும் அடைந்துவிடுகிறது என்பதால் உங்களுக்கு இதில் சாதகம் இருக்கிறது. வங்கியிடம் ‘முழுவதும் கட்டியாயிற்று’ என்ற கடிதத்தை வாங்கி அட்மினிஸ்ட்ரேட்டருக்கு அனுப்பினால், செக் நேராக உங்கள் பெயருக்கு வரும்.

காரை வாங்கும் டீலர் லோனை அடைக்க அனுப்பும் தொகை வங்கியைச் சேர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதற்காக ரத்துக் கடிதத்தை நிறுத்தி வைக்காதீர்கள். கடிதத்தை விற்ற நாளிலேயே அனுப்பி, லோன் முடிந்த கடிதம் பின்னால் வரும் என்று குறிப்பிட்டால் போதும். ஒருவேளை ரீஃபண்ட் வங்கிக்கே போய்விட்டாலும் அது உங்கள் பணம்தான். கூடுதலாக வந்த தொகையை வங்கி உங்களுக்கு அனுப்ப வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

டீலரிடம் இல்லாமல் தபால் விளம்பரம் பார்த்தோ இணையத்திலோ மாதத் தவணையில் வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு. கார்டில் தவணையை நிறுத்திவிட்டால் ரத்தாகிவிடும் என்று இருக்க வேண்டாம். முதலில் எழுத்தில் ரத்து, உறுதி வந்ததும் தவணையை நிறுத்துங்கள். ரீஃபண்ட் முதலில் தவணைக் கம்பெனியின் பாக்கிக்குப் போகும், மிஞ்சுவது உங்களுக்கு.

படி 6: கூடவே வாங்கிய மற்றவை

அதே நாளில் கேப் காப்பு, டயர்-வீல் காப்பு, சாவிக் காப்பு, முன்பணம் கட்டிய ஆயில் சர்வீஸ் என்று இன்னும் இரண்டு மூன்று விற்றிருப்பார்கள். கேப் காப்பு லோனுக்காகவே இருப்பது; கார் முற்றிலும் சேதமானால் இன்ஷூரன்ஸ் தரும் தொகைக்கும் லோன் பாக்கிக்கும் உள்ள இடைவெளியை அது அடைக்கும். லோனை முன்கூட்டியே அடைத்தால் மீதிக் காலத்துக்கான பணம் பெரும்பாலும் திரும்பும். ஒவ்வொன்றுக்கும் அட்மினிஸ்ட்ரேட்டர் வேறாக இருக்கலாம், அதனால் தனித்தனிக் கடிதம்.

ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு

செக் வர நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்குள் நீங்கள் சென்னையிலோ மதுரையிலோ இருப்பீர்கள். அங்கே அமெரிக்க டாலர் செக்கைப் பணமாக்குவது பெரும்பாடு. அதனால் அமெரிக்க வங்கிக் கணக்கைச் சில மாதமாவது மூடாமல் வைத்திருங்கள். நம்பிக்கையான நண்பரின் அமெரிக்க முகவரியைக் கடிதத்தில் கொடுங்கள். செக் வந்ததும் அவரே உங்கள் கணக்கில் போடும் வழியை வங்கியிடம் கிளம்புவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழையதான செக்கை வங்கி ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. கணவன், மனைவி இருவர் பெயரிலும் ஒப்பந்தம் இருந்து, செக்கில் பெயர்களுக்கு நடுவே ‘அண்ட்’ என்று அச்சிட்டிருந்தால் இருவரும் பின்னால் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் முன்னதாகவே ஊருக்குப் போயிருந்தால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஒரே பெயருக்குச் செக் கேட்டு, இருவரும் கையெழுத்திட்ட கடிதத்தை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

இழுத்தடித்தால்

இரண்டு வாரம் கழித்து அட்மினிஸ்ட்ரேட்டரைக் கூப்பிட்டு, ரத்து பதிவாகியிருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து, தொகை எவ்வளவு, டீலரின் பங்கு வந்துவிட்டதா என்று கேளுங்கள். பேசியவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு, பேசியதை ஒரு ஈமெயிலில் எழுதி அவர்களுக்கே அனுப்புங்கள். தொகை உங்கள் கணக்கோடு ஒத்துவரவில்லை என்றால் எழுத்தில் கணக்குக் கேளுங்கள். எந்தச் சதவீதம், எந்த அடிப்படைத் தொகை என்று கேட்டாலே பல தவறுகள் சரியாகிவிடும்.

45 நாள் தாண்டியும் பதில் இல்லை என்றால் டீலர்ஷிப்பின் ஜெனரல் மேனேஜருக்கு ஒரு கடிதம். அதற்கும் அசையவில்லை என்றால் மாநில அரசிடம் புகார். டெக்சாஸில் டி.டி.எல்.ஆர். என்ற உரிமத் துறை, கலிஃபோர்னியாவில் இன்ஷூரன்ஸ் துறை, பல மாநிலங்களில் இதேபோல் இன்ஷூரன்ஸ் துறைதான். வங்கி பணத்தைப் பிடித்து வைத்திருந்தால் சி.எஃப்.பி.பி.யின் இணையதளத்தில் புகார் செய்யலாம். கம்பெனியே திவாலாகிவிட்டால், ஒப்பந்தத்தில் பின்னால் நிற்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல ஒப்பந்தங்களில், 60 நாளுக்குள் பணம் வராவிட்டால் அந்தக் கம்பெனியிடமே நேராகக் கேட்கலாம் என்று எழுதியிருக்கும். புகாரோடு சர்டிஃபைட் மெயில் ரசீது, ஓடோமீட்டர் படம், உங்கள் கணக்குத் தாள் மூன்றையும் இணைத்து அனுப்புங்கள்.